மோதிரக் கதைகளும் அதிகாரத்தின் குறியீடும்

அற்புதக் கதைகளையும் வீரக் கதைகளையும் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம் சமுதாயத்தில் கற்றோரிடையேதான் மிகுதி. பேரப்பிள்ளைகளை மடியில் கிடத்திக் கதை சொன்ன உம்மும்மாக்களுக்கு அந்த மனப்பான்மை இருந்ததில்லை. குடுவைக்குள் அடைபட்ட ஜின்னின் கதை ஜின்னைப் பற்றியது மட்டுமன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் அக்கதைகளைத் திரைப்படங்களிலும் படக்கதை நூல்களிலும் ஆங்கில வழியாகப் பெறுகிறார்கள். அவற்றைப் படிப்பதும் பார்ப்பதும் கூடுமா கூடாதா என்ற வினாவுக்குள் இக்கட்டுரை நுழையவில்லை. அது முஃப்திகளின் பணி. இக்கதைகளில் அதிகாரம் எவ்வாறு கற்பனை செய்யப்படுகிறது என்பதே இங்கு நாம் நோக்க வேண்டியது. அதற்கு ஒரேயொரு பொருளைப் பின்தொடர்ந்து செல்வது போதுமானது. அப்பொருள் மோதிரம்.

பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் பகுதியில் கைஜீஸின் மூதாதையான ஓர் இடையனுக்குக் கிடைக்கும் மாய மோதிரத்திலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் புதினங்கள், அமெரிக்கப் படக்கதைகள் வரையில் விரலில் அணியும் ஒரு வளையம் அரசாட்சியைத் தருவதும் பறிப்பதுமாக இருந்து வருகிறது. வாளும் கிரீடமும் இருக்கையில் மோதிரம் ஏன்? வாளை ஏந்த உடல்வலிமை வேண்டும்; கிரீடத்தைச் சூட ஒரு சபை வேண்டும். மோதிரத்திற்கு இவை எதுவும் தேவையில்லை. யார் விரலுக்கும் அது பொருந்தும். மறைக்கலாம், திருடலாம், இறந்தவர் கையிலிருந்து கழற்றியும் கொள்ளலாம். அணிந்தவன் யார், அவன் தகுதி என்ன என்று மோதிரம் கேட்பதில்லை. அதிகாரத்தை ஓர் உடைமையாகக் காணும் மனித ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான குறியீடு அமைவது அரிது.

மோதிரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் நபி சுலைமான் (அலை) அவர்கள். ஆனால் திருக்குர்ஆனில் சுலைமான் நபியின் வரலாறு கூறப்படும் இடங்களில் எங்கும் மோதிரம் இல்லை. காற்று அவர்களுக்கு வசப்படுத்தப்பட்டது. உருகிய செம்பு ஊற்றாக ஓடியது. ஜின்கள் கட்டடம் எழுப்பவும் கடலில் மூழ்கி முத்தெடுக்கவும் பணிக்கப்பட்டன. பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டது. இவை யாவும் கொடுக்கப்பட்டவை. கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியவை. ஸபா அரசியின் அரியணை கண்ணிமைக்கும் நேரத்தில் தம் முன் வந்து நிற்பதைக் கண்டபோது, இது தாம் நன்றி செலுத்துகிறோமா மறுக்கிறோமா என்று சோதிப்பதற்காக இறைவன் அளித்த அருள் என்றே அந்த நபி கூறினார்கள் என்பதை அந்நம்ல் அத்தியாயம் காட்டுகிறது. அற்புதத்தின் உச்சத்தில் நிற்பவர், தாம் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மாணவர் போலப் பேசுகிறார்.

அவர்களின் முடிவோ இன்னும் நுட்பமாகச் சித்திரிக்கப்பட்டுள்ளது. ஸபஃ அத்தியாயத்தின் 14ஆம் வசனம் கூறும் காட்சியைக் கவனியுங்கள். சுலைமான் நபி கைத்தடியில் சாய்ந்த நிலையில் உயிர் துறக்கிறார்கள். ஜின்கள் அதை அறியாமல் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. தடியைக் கரையான் அரித்து, உடல் சாய்ந்த பிறகே அவற்றுக்கு உண்மை தெரிகிறது. இவ்வசனம் ஜின்களுக்கு மறைவான அறிவு இல்லை என்பதை நிறுவ வந்தது. ஆயினும் இலக்கியக் கண்ணோடு பார்ப்பவருக்கு வேறொன்றும் புலப்படும். பேரரசின் அடையாளமாக அங்கு நிற்பது ஒரு மரத்தடி. அதை வீழ்த்துவது ஒரு சிறு பூச்சி. அத்தடியை எடுத்துக்கொண்டு எவரும் அடுத்த சுலைமானாக முடியாது.

அப்படியானால் மோதிரம் எங்கிருந்து வந்தது? யூத மரபிலிருந்து. தல்மூதின் கித்தீன் பகுதியில் அஷ்மதாய் என்ற அசுர வேந்தன் சுலைமானை ஏமாற்றி, முத்திரை மோதிரத்தைப் பறித்து, அரியணையில் அமர்வதாக ஒரு கதை உண்டு. 'சுலைமானின் சாசனம்' என்ற பழைய கிரேக்க நூலிலும் வானவர் கொணர்ந்து தரும் மோதிரம் ஒன்று வருகிறது. இக்கதைகள் இஸ்ராயீலிய்யாத் என்ற வழியாக நம் தஃப்ஸீர்களுக்குள் புகுந்தன. ஸாத் அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தில், சுலைமானைச் சோதித்ததாகவும் அவர் அரியணையில் ஓர் உடலைப் போட்டதாகவும் இறைவன் கூறுகிறான். இதற்கு விளக்கமாக, ஸக்ர் என்ற ஷைத்தான் மோதிரத்தைக் கவர்ந்து சுலைமானின் உருவில் ஆட்சி செய்தான், பின்னர் அம்மோதிரம் கடலில் எறியப்பட்டு மீனின் வயிற்றில் கிடைத்தது என்ற கதையை இமாம் தபரீ (ரஹ்) அறிவிப்பாகப் பதிவுசெய்துள்ளார்கள். இமாம் இப்னு கஸீர் (ரஹ்) இதை இஸ்ராயீலிய்யாத் எனச் சுட்டி விலக்குகிறார்கள். இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) எழுப்பும் வினா கூர்மையானது: ஷைத்தான் ஒரு நபியின் உருவில் வந்து அமர இயலுமெனில், எந்த மார்க்கச் சட்டத்தின் மீதுதான் நம்பிக்கை வைப்பது?

தஃப்ஸீர் என்ற வகையில் அக்கதை தள்ளத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் பொய்யான கதையும் அதைச் சொன்னவர்களின் அச்சத்தைப் பற்றி உண்மை சொல்லும். யார் ஆட்சியில் அமர்ந்திருக்கிறான் என்பதை முகத்தைக் கொண்டோ மோதிரத்தைக் கொண்டோ அறிய முடியாத மக்கள், அவன் வழங்கும் தீர்ப்புகள் கோணலாக இருப்பதைக் கண்டே ஐயம் கொள்கிறார்கள் என்று அவ்வறிவிப்புகளில் ஒரு பகுதி வருகிறது. பல ஆட்சிகளைக் கண்டு களைத்த ஒரு சமூகத்தின் குரல் அது.

'அல்ஃப் லைலா வ லைலா' என்ற ஆயிரத்தொரு இரவுகளில் இந்த மோதிரம் பல உருவங்களில் திரிகிறது. மீனவன் வலையில் சிக்கும் செம்புக் குடுவையின் வாயில் இருப்பது சுலைமான் நபியின் முத்திரை. அலாவுதீன் கதையில் விளக்குக்கு ஓர் ஊழியன் இருப்பது போலவே மோதிரத்துக்கும் ஓர் ஊழியன் உண்டு; நம் தமிழ்த் திரைப்படங்கள் விளக்கையே பெரிதாக்கிக் காட்டியதால் மோதிரம் மறக்கப்பட்டது. (அக்கதை 1709இல் ஹலபு நகரத்து ஹன்னா தியாப் என்பவர் பிரெஞ்சு அறிஞர் கலானிடம் வாய்மொழியாகச் சொன்னது, அதற்கு முந்திய அரபு மூலம் கிடைக்கவில்லை என்பது அரபு இலக்கிய மாணவர்கள் அறிந்ததே.) புலூகிய்யாவின் கதையில் அஃப்பான் என்பவன் ஏழு கடல்களைக் கடந்து சென்று, சுலைமான் நபியின் உடலிலிருந்தே மோதிரத்தைக் கழற்ற முனைகிறான், காவல் நிற்கும் பாம்பின் மூச்சில் எரிந்து சாம்பலாகிறான். சுலைமான் நபி, தமக்குப் பின் வேறெவருக்கும் வாய்க்காத ஆட்சியைத் தருமாறு இறைவனிடம் வேண்டியதை ஸாத் அத்தியாயம் கூறுகிறதல்லவா? அந்த துஆவைக் கேட்ட பின்னும் மோதிரத்திற்குக் கைநீட்டுபவனின் கதி இது என்று கதைசொல்லி கருதியிருக்க வேண்டும்.

இவற்றுள் என் மனத்திற்கு மிகவும் நெருக்கமானது ஜூதரும் அவன் சகோதரர்களும் என்ற கதை. 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் வெளியிட்ட பதிப்பில் அது இடம்பெறுகிறது. நம்மவர் அதிகம் பேசாத கதையாதலால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஜூதர் கெய்ரோவின் ஏழை மீனவன். ஸாலிம், ஸலீம் என்ற இரு அண்ணன்மாரும் தந்தை விட்டுச்சென்ற சொத்தை வழக்காடியே அழித்தவர்கள். தாயின் பங்கையும் பிடுங்கிக்கொண்டு அவளை விரட்டியவர்கள். வறுமை வந்தபின் அதே அண்ணன்மாருக்கு ஜூதர் சோறு போடுகிறான். மக்ரிபு நாட்டு அறிஞன் ஒருவன் அவனைத் தேடி வந்து, ஷமர்தல் என்பவனின் புதையலைத் திறக்க அழைத்துச் செல்கிறான். அப்புதையலில் ஒரு வாள், ஒரு கோளம், ஒரு சுர்மாச் சிமிழ், ஒரு மோதிரம் உள்ளன. ஏழு வாயில்கள். ஆறு வாயில்களிலும் உயிரைப் பணயம் வைத்தால் போதும். ஏழாவது வாயிலில் அவனுடைய தாய் வந்து நிற்கிறாள். ஆடைகளைக் களையுமாறு அவளை வாளோங்கி மிரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அது தாய் அல்ல, உயிரற்ற வெறும் தோற்றம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறது. இருந்தும், தோற்றம் மன்றாடும்போது ஜூதரின் வெட்கம் அவனைத் தடுக்கிறது, விட்டுவிடுகிறான். உடனே புதையலின் காவலர்கள் அவனை அடித்து வெளியே எறிகிறார்கள். ஓராண்டு காத்திருந்து, இரண்டாம் முறை அவன் இரக்கம் காட்டுவதில்லை. கதவு திறக்கிறது.

அதிகாரத்தின் கடைசி வாயிலைப் பற்றி இதைவிடக் கொடிய சித்திரத்தை நான் வாசித்ததில்லை. பூதத்தை வெல்வதன்று தேர்வு. ஹயா என்னும் நாணத்தைக் கொல்வதே தேர்வு. கதைசொல்லி ஜூதரைக் குறைகூறவில்லை. அது வெறும் தோற்றம்தானே என்று நமக்கும் சமாதானம் சொல்கிறார். அந்தச் சமாதானமே கதையின் உறுத்தல். வாசகனும் ஜூதருடன் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டே உள்ளே நுழைகிறான்.

பின்னர் மோதிரம் ஜூதருக்கே கிடைக்கிறது. அண்ணன்மார் அவனை ஒரு கப்பல் தலைவனிடம் அடிமையாக விற்றுவிட, அலைந்து மக்காவை அடைந்த அவன் தவாஃபின்போது அதே மக்ரிபியைச் சந்திக்கிறான். அவன் மோதிரத்தைப் பரிசாகக் கொடுக்கிறான். மோதிரத்தின் ஊழியன் ஜின், ஒரே இரவில் அரசனின் கருவூலத்தைக் காலி செய்து கொண்டுவருகிறது, மாளிகை எழுப்புகிறது. அரசன் அஞ்சித் தன் மகள் ஆஸியாவை ஜூதருக்கு மணமுடிக்கிறான். அரசனுக்குப் பின் ஜூதர் சுல்தானாகிறான். தன்னை விற்ற அண்ணன்மாரை மன்னித்து அமைச்சர்களாக்குகிறான். அவர்கள் உணவில் நஞ்சிட்டு அவனைக் கொல்கிறார்கள். மோதிரத்தை எடுத்த ஸாலிம், முதல் கட்டளையாகத் தன் உடன்பிறந்த ஸலீமையே கொல்லச் செய்கிறான். பிறகு, இத்தா காலம் முடியட்டும் என்று மக்கள் தடுத்தும் கேளாமல் ஆஸியாவை மணக்கிறான். ஷரீஅத்தின் ஒரு சாதாரண விதிமுறை, ஒரு விதவைக்கு நான்கு மாதமும் பத்து நாளும் தரும் சிறு கால அவகாசம், மோதிரம் அணிந்தவனுக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. கதைசொல்லி அவனுடைய கொடுமையின் அளவைக் காட்டக் கொலைகளைவிட இதையே கடைசியில் வைக்கிறார் என்பது கவனத்திற்குரியது.

ஆஸியா அவனுக்கு நீரில் நஞ்சு கலந்து கொடுக்கிறாள். மோதிரம் இப்போது அவள் கையில். ஜின் அவள் கட்டளைக்குக் காத்திருக்கிறது. அவள் அம்மோதிரத்தை உடைத்துப் போடுகிறாள், இனி எவர் கைக்கும் அது போகக்கூடாது என்று. ஷைகுல் இஸ்லாமுக்குச் சொல்லியனுப்புகிறாள்: உங்களுக்கு ஓர் அரசனை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். கதை அவ்வளவுதான். எரிமலை இல்லை, பயணம் இல்லை, போர் இல்லை. கதை முழுவதும் பேசாதிருந்த ஒரு பெண், இரண்டு வாக்கியங்களில் மோதிரத்தையும் முடித்து, ஆட்சியையும் ஊராரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். கணவனைக் கொன்றவனை அவள் நஞ்சிட்டுக் கொன்றது ஃபிக்ஹின் அளவுகோலில் எங்கு நிற்கும் என்பது வேறு பேச்சு. கதைகளை ஃபத்வா நூல்களாக வாசிக்கும் பழக்கத்தை நாம் கைவிட்டால் நல்லது.

இங்கிருந்து ஆங்கில இலக்கியத்தின் புகழ்பெற்ற மோதிரத்திற்குச் செல்லலாம். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கின் எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. 2001 முதல் 2003 வரை திரைப்படங்களாக வந்தபின் நம் ஊர் இளைஞரும் அதை அறிந்தனர். இருள் வேந்தன் சவுரோன் தன் ஆற்றலின் பெரும்பகுதியை ஊற்றி வார்த்த மோதிரம், அதை அணிபவன் எவனாயினும் அவனைத் தன்வயப்படுத்தும். அதை அழிக்க அது வார்க்கப்பட்ட மோர்டோரின் நெருப்பு மலைக்கே கொண்டுசெல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரையும் அணுகுண்டையும் இதில் கண்டவர் பலர். டோல்கின் அதை மறுத்தார். உருவகக் கதை தமக்குப் பிடிக்காது என்றும், வாசகர் தம் அனுபவத்திற்குப் பொருத்திப் பார்க்கும் சுதந்திரமே தாம் விரும்புவது என்றும் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் கூறினார். அந்தச் சுதந்திரத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்நூலின் பாத்திரங்களை மோதிரத்தை யார் எப்படி மறுக்கிறார்கள் என்பதைக் கொண்டே வகைப்படுத்திவிட முடியும். கண்டால்ஃப் என்ற ஞானி அதை ஏற்க அஞ்சுகிறார். தீமைக்குப் பயன்படுத்திவிடுவோம் என்பதனால் அல்ல, இரக்கத்தின் காரணமாக நன்மை செய்யப் புகுந்து அதன் வழியே கெடுவோம் என்பதனால். எல்ஃப் அரசி காலட்ரியல், தான் என்னவாக ஆகியிருப்போம் என்பதை ஒரு கணம் கண்முன் கண்டு, பின் தன் சிறுமையை ஏற்றுக்கொண்டு விலகுகிறாள். போரமிர் தீயவன் அல்லன். தன் ஊர் எரிகிறது, எதிரியின் ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதை எடுத்தால் என்ன என்று கேட்பவன். நூலிலேயே மிகவும் மனிதத்தன்மை கொண்ட பாத்திரம் அவன்தான் என்பது என் கணிப்பு. முற்றுகையிடப்பட்ட எந்த ஊரிலும் போரமிரைக் காணலாம். அவனுடைய வாதத்திற்கு அறிவால் பதில் சொல்வது கடினம். அவன் வீழ்ந்ததைக் காட்டித்தான் பதில் சொல்ல முடிகிறது. தோட்டக்காரனான சாம் மோதிரத்தைச் சிறிது நேரம் சுமக்கும்போது, அது அவனுக்கு உலகையே தோட்டமாக்கிக் காட்டி ஆசையூட்டுகிறது. தனக்கு ஒரு சிறு தோட்டம் போதும் என்பதை அவன் அறிந்திருக்கிறான். தஸவ்வுஃப் நூல்களில் கனாஅத் என்ற போதுமென்ற மனத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது சாமை உதாரணம் காட்ட எனக்குத் தயக்கமில்லை.

கதையின் மையம் ஃப்ரோடோ தோற்கும் இடத்தில் இருக்கிறது. இத்தனை துன்பங்களைத் தாங்கி மலையின் விளிம்பு வரை வந்தவன், எறிய வேண்டிய கணத்தில் எறிய மறுத்து, மோதிரம் தனதென்று அறிவிக்கிறான். அவனைக் காப்பது அவன் வலிமையன்று. கோல்லம் என்று இகழ்ந்தழைக்கப்படும் ஸ்மீகல், மோதிரப் பித்தில் உருக்குலைந்தவன், ஃப்ரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, அதே வெறியில் நெருப்பில் விழுகிறான். ஸ்மீகலைக் கொல்லும் வாய்ப்பு முன்பு பில்போவுக்கும் பின்பு ஃப்ரோடோவுக்கும் சாமுக்கும் வாய்த்தது. மூவரும் இரக்கத்தால் விட்டார்கள். அந்த இரக்கம் இப்போது உலகைக் காக்கிறது. மனித முயற்சி முடியும் இடத்தில் வேறொரு கை நுழைவதை டோல்கின் பெயர் சொல்லாமலே காட்டுகிறார். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆயினும் தக்தீர் என்ற சொல்லை அறிந்த வாசகர் அந்த இடத்தில் சற்று நின்றுதான் செல்வார்.

ஜூதர் தன் அண்ணன்மாருக்குக் காட்டியதும் இரக்கமே. மூன்று முறை மன்னித்தான். அந்த இரக்கம் அவனுக்கு நஞ்சாகத் திரும்பியது. ஒரே விதை, இரு வேறு கனிகள். டோல்கினின் உலகில் நன்மை ஒருநாள் பலன் தந்தே தீரும். கெய்ரோ கதைசொல்லி அந்த உறுதியை நமக்குத் தரவில்லை. அவர் உலகில் மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நல்லவனாக இருக்க முயன்றவன் செத்துப்போகிறான். ஜூதர் மன்னித்தது தவறன்று. மன்னித்த பின்னும் மோதிரத்தைக் கழற்றாததே தவறு என்று நான் வாசிக்கிறேன். இவ்விரண்டில் ஆங்கில நூல் பெரியது, ஆழமானது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மோதிரத்திற்குப் பிந்திய ஆட்சியைப் பற்றி அது சொல்லும் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. பழைய அரச வம்சத்து வாரிசு திரும்பி வந்து முடிசூடுகிறான்; எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆஸியாவின் விடை வேறு.

நம்மவர் இந்நூலை வாசிக்கையில் இன்னொரு முள் தைக்கும். சவுரோனின் படைகளுக்குத் துணையாகத் தெற்கிலிருந்து யானைகளுடன் வரும் ஹராத் மக்கள் கறுத்த நிறத்தவர். கிழக்கிலிருந்தும் படைகள் வருகின்றன. மேற்கே நன்மை, கிழக்கிலும் தெற்கிலும் இருள் என்ற வரைபடம் நமக்குப் பழக்கமானதுதான்; சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பியக் காவியங்களில் அதைப் பார்த்திருக்கிறோம். இது உண்மையான குறை. ஆனால் இதை மட்டும் சொல்லி நூலை மூடிவிடுவதும் நேர்மையன்று. முதன்முதலாகத் தெற்கத்தி வீரன் ஒருவனின் சடலத்தைக் காணும் சாம், இவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், உண்மையிலேயே தீயவன்தானா, அல்லது பொய்யோ மிரட்டலோ இவனை இவ்வளவு தூரம் இழுத்து வந்ததா என்று எண்ணுகிறான். (திரைப்படத்தின் நீண்ட பதிப்பில் இவ்வெண்ணம் ஃபாரமிரின் வாய்மொழியாக வருகிறது.) தன் வரைபடத்தையே ஒரு கணம் ஐயுறும் ஆசிரியரை, அந்த ஐயம் இல்லாதவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தக்கூடாது.

அமெரிக்கப் படக்கதைகளின் மோதிரம் 1940இல் பிறந்தது. மார்ட்டின் நோடெல் என்ற ஓவியர் நியூயார்க் சுரங்க ரயில் பாதையில் ஊழியர் ஒருவர் விளக்கை அசைத்ததைக் கண்டு உருவாக்கிய 'கிரீன் லான்டர்ன்', ஒரு பச்சை விளக்கும் அதிலிருந்து ஆற்றல் பெறும் ஒரு மோதிரமும் உடைய வீரன். அவனுக்கு முதலில் கருதப்பட்ட பெயர் ஆலன் லாட். அலாவுதீனின் பெயரை எதிரொலிப்பதற்காக. பின்னர் ஆலன் ஸ்காட் என்று மாற்றினர். நம் உம்மும்மாக்களின் விளக்கும் மோதிரமும் இவ்வாறு நியூயார்க்கில் குடியேறின. 1959இல் இப்பாத்திரம் ஹால் ஜோர்டன் என்ற விமானியாகப் புத்துயிர் பெற்றது. இம்முறை மோதிரம் அண்டம் முழுவதும் காவல் புரியும் ஒரு படையின் சின்னம். அணிபவனின் மன உறுதிக்கேற்ப எண்ணியதையெல்லாம் ஒளியாக உருவாக்கும். ஆசையை நிறைவேற்றும் ஜின் மறைந்து, அணிபவனின் சொந்த மன உறுதியே ஜின் ஆகிவிட்டது. இது மிகவும் நவீனமான மாற்றம், ஆபத்தானதும் கூட. ஜின் இருந்தவரை, ஆற்றல் தன்னுடையதன்று என்பதாவது அலாவுதீனுக்குத் தெரிந்திருந்தது.

1994இல் வெளிவந்த தொடர்கதையில் இதன் விளைவு தெரிகிறது. தன் ஊரான கோஸ்ட் சிட்டி அழிக்கப்பட்டதும், ஜோர்டன் மோதிரத்தால் ஊரையும் இறந்த தந்தையையும் ஒளியுருவில் மீட்டெடுக்க முயல்கிறான். மோதிரத்தை ஒப்படைக்குமாறு காவலர் தலைமை ஆணையிட, அவன் மறுத்து, வழியில் எதிர்ப்பட்ட தோழர்களை வீழ்த்தி அவர்களின் மோதிரங்களையும் விரல்களில் அணிந்துகொண்டு, படையையே அழிக்கிறான். துயரத்தில் வெந்த நல்லவன் ஒருவனின் வீழ்ச்சியாக அது வலுவான கதை. போரமிர் மோதிரத்தைப் பெற்றிருந்தால் இவ்வாறுதான் ஆகியிருப்பான். ஆனால் வாசகர்கள் தம் நாயகனின் வீழ்ச்சியைப் பொறுக்கவில்லை. 2004இல் தொடங்கிய மீட்புக் கதையில், அச்சத்தின் உருவான ஒரு தீய சக்தி அவனுக்குள் புகுந்திருந்ததே அத்தனைக்கும் காரணம் என்று எழுதப்பட்டது. அரியணையில் அமர்ந்து கோணல் தீர்ப்பு வழங்கியவன் சுலைமான் அல்லன், அவர் உருவில் வந்த ஸக்ர் என்ற அந்தப் பழைய கதையை இது அப்படியே ஒத்திருக்கிறது! நபியின் மாசற்ற தன்மையைக் காக்க அத்தகைய கதை தேவையற்றது என்று இமாம்கள் மறுத்தார்கள். ஒரு சாதாரண மனிதனின் பொறுப்பை மறைக்க அதே உத்தியைப் படக்கதை ஆசிரியர் கையாண்டபோது, அவனுடைய பாவத்தோடு அவனுடைய தவ்பாவும் பறிபோயிற்று.

2012இல் அதே படையில் சைமன் பாஸ் என்ற அரபு அமெரிக்க முஸ்லிம் வீரன் ஒருவன் சேர்க்கப்பட்டான். மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் நகரில் வாழும் லெபனான் வம்சாவளியினன். அவன் திருடிய வாகனத்தில் அவனறியாமல் வெடிகுண்டு இருந்ததால் பயங்கரவாதி என ஐயுறப்படுகிறான். அவ்வேளையில் மோதிரம் அவனைத் தேடி வருகிறது. நம்மவர் சிலர் இதைப் பெருமையாகக் கொண்டாடினர். அவன் கையில் துணிவு என்ற பொருளில் 'ஷஜாஅத்' என அரபியில் பச்சை குத்தப்பட்டிருப்பதை என் மாணவர் ஒருவர் காட்டியபோது, எழுத்து சரி, எழுதிய இடம்தான் சரியில்லை என்று சொன்னேன். பாத்திரத்தைப் பற்றியும் என் கருத்து ஏறத்தாழ அதுவே. அவனுடைய முஸ்லிம் தன்மை பெரும்பாலும் அவன் மீது விழும் ஐயத்தினால் ஆனது. அவன் எதை நம்புகிறான் என்பதைவிட மற்றவர் அவனை என்னவென்று நினைக்கிறார்கள் என்பதே கதைக்கு முக்கியம். ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. அவன் மோதிரத்தை முழுமையாக நம்பாமல் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியும் வைத்திருக்கிறான். எந்த நேரமும் தன்னிடமிருந்து அது பறிக்கப்படலாம் என்று எண்ணும் மனிதன் அவன். சிறுபான்மையாக வாழ்ந்து பழகியவருக்கு அந்த எண்ணம் புரியும்.

இக்கதைகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. மோதிரத்தை எதிர்பார்க்கும் மனநிலை படக்கதை வாசிக்கும் பிள்ளைகளிடம் மட்டும் இல்லை. நம் மேடைகளில் மற்றொரு ஸலாஹுத்தீன் வரமாட்டாரா என்ற ஏக்கம் ஒலிக்காத ஆண்டில்லை. 1187இல் பைத்துல் முகத்தஸுக்குள் நுழைந்தவரை மட்டும் காண்கிறோம். அவருக்கு முன் நூருத்தீன் ஸன்கீ கட்டிய மத்ரஸாக்களையும் மருத்துவமனைகளையும் நீதிமன்றத்தையும், வெற்றிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அல்அக்ஸாவுக்கென அவர் ஹலபில் செய்யத் தொடங்கிய மிம்பரையும் காண்பதில்லை. 1174இல் இறந்த அவர் அந்த மிம்பர் அங்கு வைக்கப்பட்டதைப் பார்க்கவில்லை. தச்சர்களின் உளியை மறந்துவிட்டு மோதிரத்தைத் தேடுகிறோம்.

ஸஹீஹுல் புகாரீயில் ஒரு ஹதீஸ் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தொழுகையைக் கெடுக்க இஃப்ரீத் ஒன்று வந்தது. இறைவன் அதன் மீது அவர்களுக்கு ஆற்றல் அளித்தான். மக்கள் காலையில் காணும்படி அதைப் பள்ளிவாசல் தூணில் கட்டிவைக்க எண்ணிய நாயகம் (ஸல்), தம் சகோதரர் சுலைமானின் துஆவை நினைத்து அதை விட்டுவிட்டார்கள். எல்லாக் கதைகளிலும் ஜின்னைக் கட்டுவதே வெற்றி. இங்கு, கட்டும் ஆற்றல் கைவந்த நிலையில், இன்னொரு நபியின் வேண்டுதலுக்கு மதிப்பளித்து அவிழ்த்துவிடுவது நிகழ்கிறது.

அந்த நபியிடமும் ஒரு மோதிரம் இருந்தது. அரசர்களுக்குக் கடிதம் எழுத முனைந்தபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால் வெள்ளியில் செய்துகொண்டது. முஹம்மத், ரசூல், அல்லாஹ் என்று மூன்று வரிகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கைகளில் அது இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றருகே அமர்ந்திருந்தபோது கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடினார்கள், நீரை இறைத்துப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. சுலைமான் நபியின் மோதிரத்தில் இருந்தது போன்ற ஏதோ ஓர் இரகசியம் இதிலும் இருந்தது, இது தொலைந்த பின்பே உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் குழப்பம் மூண்டது என்று அறிஞர் சிலர் கூறியதாக ஃபத்ஹுல் பாரீயில் மேற்கோள் காணப்படுகிறது. மோதிரக் கதையின் ஈர்ப்பு ஆலிம்களையும் விட்டுவைக்கவில்லை போலும். குழப்பத்திற்கான காரணங்களை வரலாற்று நூல்கள் ஆளுநர் நியமனங்களிலும் கருவூலப் பங்கீட்டிலும் எகிப்து, கூஃபா, பஸ்ராவிலிருந்து எழுந்த முறையீடுகளிலும் விரிவாகவே காட்டுகின்றன. அபூதாவூதில் வரும் ஓர் அறிவிப்பின்படி, உஸ்மான் (ரலி) அவர்கள் அதே வாசகத்துடன் வேறொரு மோதிரத்தைச் செய்துகொண்டு, கடிதங்களுக்கு அதைக் கொண்டே முத்திரையிட்டு வந்தார்கள்.